கடையத்திலிருந்து பார்த்தால்

1919இல் கடையத்திலிருந்து எட்டயபுரம் ஜமீனுக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் சுப்பிரமணிய பாரதி. எட்டயபுரத்து அரச மரபின் கதையைச் சொல்லும் ‘வம்சமணி தீபிகை’ என்ற நூலின் நடை செம்மையாக இல்லை, அதை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்பது கடிதத்தின் சாரம். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

நம்மில் பலர் இந்தக் கடிதத்தைத் தயக்கத்தோடுதான் கடந்துபோகிறோம். 1799இல் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கும்பினியின் பக்கம் நின்ற அரண்மனை எட்டயபுரம். எட்டப்பன் என்ற பட்டப்பெயரே தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது. அந்த வம்சத்தின் வரலாற்றைச் செப்பனிட விடுதலையின் பெருங்கவிஞர் தாமே முன்வந்தார் என்பதை எங்கே வைத்துப் புரிந்துகொள்வது?

காரணம் எளியது, கொடியதும்கூட. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி கடலூருக்கருகே கைதானார். டிசம்பரில் விடுதலையானபோது அரசியலில் ஈடுபடக் கூடாது என்ற கட்டுப்பாடு கூடவே வந்தது. போய்ச் சேர இருந்த இடம் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம். கையில் பத்திரிகை இல்லை, நிலையான வருமானம் இல்லை, அக்கிரகாரத்தின் ஆசாரங்களோடு ஒத்துப்போகவும் முடியவில்லை. விடுதலையைப் பாடியவர் வீட்டு உலையிலும் அரிசி விழுந்தாக வேண்டும்.

ஒரு விடுதலைப் போரில் ஒருவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவர் நெஞ்சு மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் காலடியில் இருந்த நிலமும், அவர் நடக்க முடிந்த தெருவும், அவர் வீட்டு அடுப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரே போர் ஒருவருக்கு அரசுரிமையாகவும், இன்னொருவருக்குக் கூலியாகவும், மற்றொருவருக்கு வாசலில் வந்து நிற்கும் போலீசாகவும் அனுபவமாகிறது. தென்காசிச் சீமையின் இருநூறு ஆண்டுக் கதையில் இதைத் தெளிவாகவே காணலாம்.

கடையத்தை ஒட்டிப் போகும் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் தொடங்கிச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், தென்காசி என்று செங்கோட்டைக்குப் போகிறது. கிழக்கு முனையான திருநெல்வேலியில் 1908இன் கலகம் நடந்தது. மேற்கு முனையான செங்கோட்டை வாஞ்சிநாதனின் ஊர். இடையில் சேரன்மகாதேவியில் தேசியக் குருகுலம் ஒன்று எழுந்து உடைந்தது. பாதைக்கு வடக்கே பூலித்தேவனின் நெற்கட்டும்செவல். இவை எல்லாவற்றுக்கும் நடுவே பாரதி வாழ்ந்த கடையம். ஒரு நாளில் சுற்றிவந்துவிடக்கூடிய இந்த வட்டத்துக்குள் எத்தனை விதமான விடுதலைகள் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன!

*

1755இல் கர்னல் ஹெரானின் படை நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து கப்பம் கேட்டது. அதன் பாளையக்காரர் பூலித்தேவன் மறுத்தார். படை திரும்பியது. அடுத்த ஆறாண்டுகள் வாசுதேவநல்லூரையும் நெற்கட்டும்செவலையும் சுற்றிப் போர் ஓயவில்லை. 1761இல் இந்தக் கோட்டைகளைப் பிடித்தவன் யூசுப்கான். ராமநாதபுரம் சீமையில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய தமிழன், கும்பினியின் மிகத் திறமையான தளபதி. அதே யூசுப்கான் மதுரையில் தனியரசு நடத்த முனைந்து, தான் உழைத்துக்கொடுத்தவர்களாலேயே 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டான். துரோகி, வீரன் என்ற இரண்டு பெயரையும் ஒரே ஆளுக்குச் சூட்ட வேண்டியிருக்கிறது.

பாளையக்காரருக்கு அந்தப் போர் தன் நிலத்தில் வரி தண்டும் உரிமை பற்றியது. ஆர்க்காட்டு நவாபுக்கோ கும்பினிக்கோ கப்பம் கட்டுவது தன் ஆட்சியுரிமையைக் கைமாற்றிக் கொடுப்பதாகும் என்று பூலித்தேவன் உணர்ந்தார். அவர் பெருமை அதில் இருக்கிறது. எட்டயபுரத்துக்கோ பக்கத்துப் பாளையமான பாஞ்சாலங்குறிச்சியோடு நெடுநாள் எல்லைத் தகராறு. வெள்ளைக்காரனைவிட அண்டை வீட்டான்தான் அவர்களுக்கு அருகில் இருந்த பகை. கட்டபொம்மனின் வீழ்ச்சிக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்குக் கிடைத்தது. அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. தேசம் என்ற நினைப்பு பிறக்காத காலத்தில் மனிதர்கள் வயல்வரப்பை வைத்தே எதிரியை அடையாளம் கண்டார்கள் என்பதை மறந்தால் அந்தக் காலம் நமக்குப் பிடிபடாது.

பாளையக்காரருக்குக் கீழே நின்ற மறவர் காவல்காரருக்குப் போர் வேறு. ஊர்க்காவல் அவர்களுடைய தொழில். காவல் கூலி அவர்களுடைய வருமானம். 1801இல் பாளையக்காரரை ஒடுக்கிய பின் கும்பினி கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது, காவல் உரிமையை ஒழித்தது. ஒரு கையெழுத்தில் ஒரு பெரும் சமூகத்தின் பிழைப்பு சட்டவிரோதமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே மக்களில் ஒரு பகுதியினர் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். ஊரைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காவல் நிலையத்தில் ரேகை வைத்துத் தங்களைத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் அளவில் போர் 1801இல் முடியவில்லை. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட 1947வரை நீண்டது.

அவர்களுக்கும் கீழே? பூலித்தேவனின் படையில் அருந்ததியரான ஒண்டிவீரனும் தேவேந்திரகுலத்து வெண்ணிக்காலாடியும் முன்னால் நின்று போரிட்டதாக இந்தச் சீமையின் வாய்மொழி மரபு சொல்கிறது. கட்டபொம்மனின் படையில் கவர்னகிரிச் சுந்தரலிங்கத்தையும் அப்படியே நினைவுகூர்கிறது. பாளையக்காரரின் பெயர் கும்பினியின் கடிதங்களில் இருக்கிறது, ராபர்ட் ஓர்மின் சரித்திரத்தில் இருக்கிறது, கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் இருக்கிறது. படையின் முன்வரிசையில் நின்றவன் தன் மக்களின் பாட்டிலும் வழிபாட்டிலும்தான் உயிரோடு இருந்தான். எழுத்தில் இடம் பெற்றவரை வரலாறு என்றும், எழுத்தில் இடம் பெறாதவரைக் கதை என்றும் பிரித்து வைக்கிறோமே, அந்தப் பிரிவினையையும் சாதிதான் நமக்குச் செய்து கொடுத்திருக்கிறது.

1801 ஜூன் மாதம் சிவகங்கையின் சின்ன மருது திருச்சியில் ஓர் அறிக்கையை ஒட்டச் செய்தார். எல்லைகளைத் தாண்டி ஒரு நாடே எழ வேண்டும் என்று கேட்ட அரிய ஆவணம் அது. ஆனால் அது யாரையெல்லாம் பெயர் சொல்லி அழைத்தது என்று கவனியுங்கள்: பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள். சேரியில் இருந்தவனுக்கு அந்த வரிசையில் தனியே ஒரு பெயர் இல்லை. வேலு நாச்சியார் ஆண்ட சிவகங்கை மண்ணிலிருந்து எழுந்த அந்த அழைப்பு மீசை வைத்தவர்களையே நோக்கிப் பேசியது. பெண்ணும் அதில் இல்லை. மருதிருவர் அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைச் சேர்ந்தவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்தத் தியாகத்துக்குத் தலைவணங்கிக்கொண்டேதான் அந்த வரிசையில் விடுபட்டவர்களை நான் தேடுகிறேன்.

தாமிரபரணிக் கரையின் நன்செய் நிலங்களில் அப்போது உழைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். பிராமண, வேளாள மிராசுதாரர்களின் வயல்களோடு கட்டுண்ட பள்ளர், பறையர் குடும்பங்கள். கும்பினி வந்ததும் அந்தக் கட்டு அறுந்துவிடவில்லை. அவர்கள் உழைப்பில் விளைந்த நெல்லிலிருந்துதான் அதற்கு வரி வந்தது. ஆகவே பல பத்தாண்டுகள் கண்டும் காணாமல் இருந்தது. ஆனாலும் அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் துணை இனிக் கிடையாது என்று 1843இல் எழுதியதும் அந்தக் கும்பினியின் அரசுதான். வயலில் நின்றவனுக்கு வெள்ளைக்காரன் யார்? தன் கூலியைச் சுரண்டுபவனுக்குக் கூட்டாளியா, தன் கட்டை அவிழ்க்கக் கூடியவனா? இரண்டும்தான் என்பது உண்மையான பதில்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராக எழுந்தபோது, கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் அரசப் படையில் வந்து சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் அறிவித்தார். சுதந்திரத்துக்காகப் போரிட்ட எசமானர்களை விட்டுவிட்டு, சுதந்திரத்துக்காகவே அரசனின் படைக்கு ஓடினார்கள் கறுப்பின அடிமைகள். ஒரே சொல்லுக்காக இரண்டு எதிர்த் திசைகளில் ஓடிய அந்த மனிதர்களில் யாரைத் துரோகி என்பது?

*

1908க்கு வருவோம். இரண்டாண்டுகளுக்கு முன் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். இரண்டு லட்ச ரூபாய்க்கு, அதாவது எட்டாயிரம் பங்குகளை, வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். வேளாள வக்கீலும் ஜமீன்தாரும் இஸ்லாமிய வணிகரும் சேர்ந்து கடலில் கப்பல் விட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் அதில் தன்மானமும் இருந்தது, வணிகமும் இருந்தது.

வ.உ.சி. அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் அவரை மற்றவர்களிலிருந்து தனித்துக் காட்டுகிறது. பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. அந்தத் தொழிலாளிக்குச் சுயராஜ்யம் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்; பெரிய சொல்லின் பொருள் அவன் உடம்புக்கு அப்படித்தான் எட்டியது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை நாற்பதாண்டு. கிளர்ந்த ஊர்களின் மேல் தண்டக் காவல் படை வைத்து அதன் செலவையும் மக்களிடமே வசூலித்தார்கள்.

அதே 1908இல் லண்டனில் பிரிவி கவுன்சில் இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பு. கோயில் நுழைவு கேட்டதற்காக 1899இல் சிவகாசியில் தாக்கப்பட்ட சமூகம், நியாயம் தேடிப் பேரரசின் உச்ச மன்றம்வரை போய் வெறுங்கையோடு திரும்பியது. பேரரசு வ.உ.சி.யைச் செக்கிழுக்க அனுப்பியது. நாடார்களைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியது. சுதேசிக் கூட்டத்தில் முழங்கியவர்களிலும் பலர் அந்த வாசலைத் திறந்துவிடத் தயாராக இல்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தவர்கள் தங்கள் பள்ளிகளையும் வங்கியையும் சங்கத்தையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பிறகு முதலில் நீதிக்கட்சியிலும், காமராசர் காலத்தில் காங்கிரசிலும் தங்களுக்கான இடத்தைக் கண்டார்கள்.

இதே ஆண்டுகளில் சென்னையில் ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசர், சுதேசியம் பேசுவோரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே: உங்கள் சுதேசத்தில் எங்களுக்குக் குளமும் கிணறும் தெருவும் உண்டா? அந்தக் கேள்வியைத் தேசத் துரோகம் என்று தள்ளியவர்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். 1908இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பலுக்கு எதிராக நின்ற அதிகாரி ஆஷ். அந்தக் கோபம் நாட்டின் கோபம். ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் நாட்டோடு சனாதன தர்மத்தையும் காக்கப் புறப்பட்டதாகச் சொல்கிறது. இந்தக் கொலையை ஒட்டி நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் ஐயர்களும் ஐயங்கார்களும் பிள்ளைகளும். உயிரைக் கொடுத்த அவர்களுடைய துணிவில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் மீட்க நினைத்த நாட்டில் யார் எங்கே நின்றிருப்பார்கள் என்பதில்தான் ஐயம்.

ஆஷைப் பற்றி வேறொரு கதை தென்மாவட்டத்துச் சேரிகளில் வழங்குகிறது. பேறுகால வலியில் துடித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியைத் தன் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத்து வழியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார் ஆஷ், அந்தக் கோபமே அவரைக் கொன்றது என்பார்கள். ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில் இதற்கு ஆவணச் சான்று எதுவும் இல்லை. நானும் இதை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. ஆனால் இந்தக் கதை பிறப்பதற்கும் தலைமுறை தாண்டி நம்பப்படுவதற்கும் ஒரு நிலம் வேண்டும். அக்கிரகாரத் தெருவில் ஒரு தாய் போக முடியாது என்பது அதைச் சொன்னவர்கள் அன்றாடம் பட்ட அனுபவம். ஆஷைப் பற்றி எதையும் நிறுவாத இந்தக் கதை தெருவைப் பற்றிச் சொல்வது முழு உண்மை.

*

அந்தத் தெருவின் கெடுபிடியைப் பாரதியும் கடையத்தில் அனுபவித்தார், வேறு விதமாக. சாதி பாராமல் பழகியவர், ஆசாரங்களை மீறியவர் என்று சொந்தச் சாதியே அவரை ஒதுக்கி வைத்தது. விலக்கப்பட்டவனின் வலியில் ஒரு துளி அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவருக்குப் புறப்பட்டுப் போகச் சென்னை இருந்தது, ‘சுதேசமித்திரன்’ பத்திரிகை இருந்தது. 1920 இறுதியில் போனார். ஊரெல்லை தாண்டாமல் பிறந்து மடிந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அவர் கடையத்தில் செய்தவற்றில் எனக்கு மிகவும் அருமையாகத் தோன்றுவது 1920 ஜூன் 20ஆம் தேதி. அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இருக்கும் பொட்டல்புதூருக்குப் போய் இஸ்லாத்தின் மகிமையைப் பற்றி முஸ்லிம்களிடையே பேசினார். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தாரும் நேர்ச்சை செலுத்த வருவது இன்றுவரை வழக்கம். அது கிலாபத் இயக்கம் நாடெங்கும் பரவிய ஆண்டு. துருக்கியின் கலீபாவுக்காக வெள்ளை அரசை எதிர்த்த முஸ்லிமுக்கும், சுயராஜ்யத்துக்காக எதிர்த்த இந்துவுக்கும் எதிரி ஒன்று, காரணம் இரண்டு. காரணங்கள் வேறாக இருந்தபோதும் ஒருவர் முற்றத்துக்கு ஒருவர் போய்ப் பேச முடிந்தது. அடுத்தவரின் காரணத்தையும் மதிப்பதுதான் ஒற்றுமை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சொல்லித்தருகிறது.

அந்தப் பாடத்தைச் சேரன்மகாதேவி கற்றுக்கொள்ளவில்லை. பாரதியின் தோழர் வ.வே.சு.ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலம் தேசியக் கல்வியின் நம்பிக்கையாக இருந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் ஐயாயிரம் கொடுத்தது. எல்லாச் சாதியாரும் நன்கொடை கொடுத்தார்கள். அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சோறு போடப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்விக்குக் காங்கிரசுக்குள் நேர்மையான விடை கிடைக்கவில்லை. 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் தள்ளப்பட, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியல் இரண்டாகப் பிளந்தது இரண்டு இலைகளால். நாட்டுக்காகச் சாகத் துணிந்தவர்களும் சேர்ந்து உண்ணத் துணியவில்லை. அந்தப் பந்தியில் எழுந்து வெளியேறியவர்களைப் பிரிவினைவாதிகள் என்று பழித்தவர்கள், பிரித்து இலை போட்டவர்களை அப்படிச் சொல்லவில்லை.

காந்தியின் காலத்தில் போர் இன்னும் பல வீடுகளுக்குள் வந்தது. வீரவநல்லூரிலும் கல்லிடைக்குறிச்சியிலும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழகத்துக் கைத்தறிகள் அதற்கு வெகு முன்பே மில் நூலுக்கு மாறியிருந்தன. கையால் நூற்ற நூல் சீராக இராது, பாவில் அடிக்கடி அறுந்துபோகும். வாங்கி உடுத்துபவருக்குக் கதர் விரதம். நெய்பவருக்கு ஒரு நாள் வேலை இரண்டு நாளாவது. கள்ளுக்கடை மறியல் குடிகாரனின் வீட்டுப் பெண்ணுக்கு விடுதலையாகவும், பனையேறியின் வீட்டுப் பெண்ணுக்குப் பட்டினியாகவும் இருந்தது. யாருடைய தியாகம் எண்ணப்பட்டது? சிறைக்குப் போனவர்களுக்குப் பிற்காலத்தில் தியாகி ஓய்வூதியம் வந்தது. தறியிலும் பனையிலும் இழந்தவர்களுக்குக் கணக்கு எழுதியவர் யாருமில்லை.

செல்லம்மாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஏழு வயதில் திருமணம். கணவர் புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த பத்தாண்டில் புதுவைக்கும் கடையத்துக்குமாக அலைச்சல். இரண்டு பெண்குழந்தைகள். உளவாளிகளின் கண், கடன், உறவினரின் முணுமுணுப்பு. கணவர் இறந்தபின் அவருடைய எழுத்துகளை அச்சில் கொண்டுவரப் பாரதி ஆச்ரமம் கண்டவரும் அவரே. 1951இல் வானொலியில் கணவரைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சில்தான் ஒரு விடுதலைப் போரின் அடுக்களை நமக்குத் தெரிய வருகிறது. சாமான் இல்லாத வீட்டில் விருந்தினருக்குச் சோறு போட்டதும் போராட்டத்தின் ஒரு பகுதிதான் என்று நாம் ஏற்றுக்கொள்ள வெகு காலம் ஆயிற்று. கடையத்தில் பாரதியோடு செல்லம்மாளையும் சேர்த்து நிறுத்திச் சிலை வைத்தது 2022இல்தான்.

*

1947 வந்தது. அதைச் சுற்றிய சில ஆண்டுகளில் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்பு, குற்றப்பரம்பரைச் சட்ட நீக்கம், 1948இல் ஜமீன் ஒழிப்பு, 1952இல் எல்லோர் கையிலும் ஓட்டு. கோயிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு விடுதலை ஒரு கதவாக வந்தது. ரேகை வைத்தவர்களுக்கு நிம்மதியான உறக்கமாக வந்தது. ஜமீன்தாருக்கு நில இழப்பாக வந்தது. உழுதவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் வரவில்லை. இது குறைவில்லாத வெற்றியும் அன்று, வெறும் ஏமாற்றமும் அன்று. ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வோர் அளவில் வந்து சேர்ந்த விடுதலை இது. அந்த அளவுகளைச் சொல்லாமல் ‘நாம் விடுதலை பெற்றோம்’ என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பது, குறைவாகப் பெற்றவர்களுக்குச் செய்யும் அநீதி.

இன்றைய நிலைமை என்ன? ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் எழுந்திருக்கிறது. 2022இல் தபால் தலையும் வந்தது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவனுக்கு நினைவு மாளிகை இருக்கிறது. நீண்ட நாள் மறுக்கப்பட்ட மரியாதை கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. எழுத்தில் விடுபட்டவர்கள் தங்கள் முன்னோரைத் தாங்களே எழுதிக்கொள்வதைவிடப் பெரிய வரலாற்றுப் பணி இல்லை. ஆனால் ஒண்டிவீரன் நினைவு நாளான ஆகஸ்ட் 20, பூலித்தேவன் பிறந்த நாளான செப்டம்பர் 1 ஆகிய இரண்டையும் ஒட்டித் தென்காசி மாவட்டத்தில் பல ஆண்டுகளாகத் தடை உத்தரவு போடப்படுகிறது. ஒரே கோட்டையில் ஒரே எதிரியை எதிர்த்து நின்றதாக நாம் பாடும் இருவரை, அவர்கள் பிள்ளைகள் வணங்க வரும்போது ஒருவரையொருவர் தாக்காமலிருக்கப் போலீஸ் காவல் நிற்கிறது.

இந்த நிலைக்கு நம் பாடப்புத்தகங்களும் மேடைகளும்தான் பொறுப்பு. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வீரனைக் கொடுத்தால் எல்லோருக்கும் நியாயம் செய்ததாகிவிடும் என்று நினைத்தோம். வீரர்களைப் பங்கு போட்டுவிட்டு, அவர்கள் போரிட்டு வந்த பலன் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கைக் கேட்க மறந்தோம். அந்தக் கணக்கைக் கேட்கத் தொடங்கினால் மறவரின் ரேகைப் புத்தகமும், அருந்ததியரின் தெருவும், நாடாரின் கோயில் வாசலும், நெசவாளியின் தறியும் ஒரே வரலாற்றின் பக்கங்கள் என்று தெரியும். நம் முன்னோர்கள் பட்டவை வேறு வேறு. ஆனால் ஒருவர் பட்டது இன்னொருவர் பட்டதைப் பொய்யாக்கிவிடாது.

தென்காசி மாவட்டத்துப் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் இது: ஆகஸ்ட் 20க்கும் செப்டம்பர் 1க்கும் இடையில் இருப்பது பன்னிரண்டு நாள். அந்த நாட்களில் ஒண்டிவீரனையும் பூலித்தேவனையும் ஒரே வகுப்பில், ஒரே பாடமாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். படிப்பவர்களிடம் இன்னொன்று. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், எண்பதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கோயிலுக்குள், எந்தத் தெருவுக்குள், எந்தக் காப்பிக் கடைக்குள் அவர்கள் முதன்முதலாக எந்த ஆண்டு நுழைந்தார்கள் என்று கேளுங்கள். நுழைந்தபோது யார் தடுத்தார்கள், யார் கூட நின்றார்கள் என்றும் கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். இவை எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விட்டால் பிறகு கிடைக்கவும் கிடைக்காது.